நேரலையில் தேடிய முகம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதம் இருபத்துமூன்றாம் திகதி. டென்மார்க்கில், கோல்டிங் நகரத்தில், நாங்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கும் மாடி வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல வெயில். நான் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்திருந்தேன். மன்னார்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது பின்னேரம். ஆண்டவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பரின் கோவில் திருநாளுக்கு முதல் நாள். வெஸ்பர் என்கிற மாலை ஆராதனை முடிந்ததும் அருளப்பரின் கூடு வெளியே வரும் நேரம்.

கூடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சொரூபத்தை வைத்துப் பூவாலும் விளக்காலும் சோடித்து, நீளத் தடிகளில் ஏற்றித் தோளில் சுமந்து வருவதை எங்கள் பக்கத்தில் கூடு என்போம். எங்கள் கோவில் கூட்டைத் தூக்குவதற்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் வேண்டும். முன் தடியில் வலப்பக்கம் என் தம்பியின் இடம். மீசை அரும்பிய காலத்தில் இருந்தே அவனுக்கு அந்த இடம்தான். ஒருமுறை படகு மோட்டாரில் அகப்பட்டு அவனுடைய வலது கை ஆட்காட்டி விரல் பாதி போய்விட்டது. காயம் ஆறுவதற்கு முன்னமே திருநாள் வந்தது. சீலை சுற்றிய கையோடு போய்த் தடியைப் பிடித்தான். அப்படிப்பட்டவன்.

இப்போது எங்கள் ஊர்த் திருநாளை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். பங்கு மக்களே நடத்துகிற ஒளிபரப்பு. அதை மகள் எனக்குப் பெரிய தொலைக்காட்சியில் வருகிற மாதிரி இணைத்துத் தந்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் நான் அதைப் பார்க்கத் தவறுவதில்லை. ஆனால் அந்த வருடம் பார்த்ததற்குக் காரணம் வேறு.

தம்பிக்கு ஈரலில் நோய் வந்திருந்தது. பெரிய வியாழனுக்குச் சற்று முன்பு கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அவன் என்னோடு முகம் பார்த்துக் கதைப்பதை நிறுத்திவிட்டான். குரல் மட்டும்தான். முதலில் போனில் கமரா வேலை செய்யவில்லை என்றான். பிறகு கரண்ட் இல்லை, வெளிச்சம் காணாது என்றான். கடைசியில் ஒருநாள் தம்பியின் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தான், அவர் நல்லா மெலிஞ்சு போனார். அண்ணை என்னை இப்பிடிப் பார்க்கக்கூடாது எண்டு சொல்லுறார். நீங்கள் கேட்காதேங்கோ."

நான் ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மே மாதம் எனக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். கோடை முடியும்வரை விமானத்தில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதை நான் தம்பிக்குச் சொல்லவில்லை. அவனுடைய வருத்தத்தோடு என்னுடையதையும் அவன் சுமக்க வேண்டாம் என்று நினைத்து, நான் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையில் இப்போது லீவு எடுக்க ஏலாது என்று சொல்லியிருந்தேன். "பரவாயில்லை அண்ணை, வேலையைப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னான். அந்தப் பரவாயில்லை எனக்கு நித்திரை தரவில்லை.

இனி எனக்கு இருந்தது ஒரே வழிதான். உயிர் இருந்தால் அவன் கூட்டுக்கு வருவான். தூக்க முடியாவிட்டாலும் பக்கத்திலாவது நடப்பான். நேரலையில் எங்கோ ஓர் இடத்தில் அவன் முகம் தெரியும். அந்த ஒரு முகத்துக்காகத்தான் அன்று மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிகிற நேரத்தில் கதவு மணி அடித்தது. கீழ் வீட்டு டெனிஷ்காரர். ஓய்வுபெற்ற மனிதர், மனைவியை இழந்தவர். எனக்குச் சத்திரசிகிச்சை நடந்த நாளில் இருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, நான் நடந்தேனா என்று விசாரிப்பார். அன்று ஒரு பெட்டி ஸ்ரோபெரியோடு வந்து நின்றார். தொலைக்காட்சியைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

டென்மார்க்கிலும் அதே நாள் மாலைதான் சங்ட் ஹான்ஸ் என்று ஊர் ஊராகப் பெரிய நெருப்பு மூட்டுவார்கள். தண்ணீர்க் கரையில் விறகைக் குவித்து, அதன் உச்சியில் பழைய உடுப்பால் செய்த சூனியக்காரிப் பொம்மையை வைத்து எரிப்பார்கள். ஒருவர் நின்று பேசுவார், எல்லோரும் கூடிப் பாடுவார்கள், அதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அந்த ஹான்ஸ் வேறு யாருமில்லை, எங்கள் அருளப்பர்தான் என்பது இந்த நாட்டுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகே எனக்குத் தெரிய வந்தது. இங்குள்ள கோவிலில் சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது எனக்கு மனம் நொந்தது. அர்ச்சிஷ்டவரின் பெயரை வைத்துக்கொண்டு சொரூபம் இல்லை, செபம் இல்லை, ஒரு பொம்மையை எரிக்கிறார்களே என்று. அதனால் நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

கீழ் வீட்டுக்காரர் திரையில் அருளப்பரைப் பார்த்துச் சிரித்து, டெனிஷில் சொன்னார்.

"உங்கட ஹான்ஸ் நல்லா உடுத்திக்கொண்டு வாறார். எங்கட ஹான்ஸ் வாறதே இல்லை. சூனியக்காரி மட்டும்தான் வாறாள்."

கூடு கோவில் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. மனைவி எழுந்து முழந்தாளிட்டாள். நான் திரைக்குக் கிட்டப் போனேன். கமரா அருளப்பரின் முகத்தைக் காட்டியது. தூக்கிய கையைக் காட்டியது. பூச்சோடனையைக் காட்டியது. ஆயரின் குடையைக் காட்டியது. பிறகு ட்ரோன் ஒன்று மேலே போய், கோவில் கூரையையும் கடலையும் சனத்தின் உச்சந்தலைகளையும் காட்டியது. தூக்குகிறவர்களை மட்டும் காட்டவே இல்லை. திரும்பக் கீழே வந்தபோதும், அவர்களுடைய முகம் வரவேண்டிய இடத்தில், திரையின் அடிப்பக்கத்தில், பச்சை நிறத்தில் அகலமாக ஒரு பட்டி ஓடிக்கொண்டிருந்தது. திருநாளுக்கு உதவி செய்த வெளிநாட்டுக் குடும்பங்களின் பெயர்கள். கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று ஒவ்வொன்றாக வலமிருந்து இடம் போய்க்கொண்டிருந்தன.

"தம்பி எங்க?" என்று அவர் கேட்டார். தம்பியின் கதை அவருக்குத் தெரியும்.

"கீழ."

"கீழ எழுத்தல்லோ ஓடுது."

"எழுத்துக்குப் பின்னால."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க என்ன எழுதியிருக்கு?"

சொல்லி வைத்த மாதிரி அப்போது எங்கள் பெயர் வந்தது. என் பெயரும் மனைவியின் பெயரும் பிள்ளைகளும், டென்மார்க் என்ற சொல்லும். நான் எழுந்து விரலால் தொட்டுக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோசத்தோடுதான் காட்டினேன். ஒவ்வொரு வருடமும் எங்கள் பெயர் வருகிறதா என்று பார்ப்பதும் எங்களுக்குத் திருநாளில் ஒரு பங்கு.

"எங்கட ரீவீ மோசம்தான்," என்று அவர் சொன்னார். "சாமியைக் காட்டாது. ஆனால் சனத்தைக் காட்டும். சொசேஜ் சாப்பிடுறவன்ர வாயைக்கூடக் காட்டும்."

அவருக்கு நேரம் போய்விட்டது. எங்கள் குடியிருப்பில் நெருப்பு மூட்டும் குழுவில் அவரும் ஓர் ஆள். சூனியக்காரிக்கு உடுப்புப் போட வேண்டும் என்று சொல்லி எழுந்தார். மாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போக வருவதாகவும், டொக்டர் நடக்கச் சொன்னதை மறக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் கூடு ஊரைச் சுற்றித் திரும்பி, மணிக்கூண்டடியில் வந்து நின்றது. அங்கே கூட்டை இறக்காமல், மூன்று முறை உயர்த்தித் தாழ்த்துவது எங்கள் ஊர் வழக்கம். சனம் கை தட்டும், அழும். கமரா சொரூபத்தோடு சேர்ந்து உயர்ந்தது, தாழ்ந்தது. நானும் மனைவியும் முகம் முகமாகத் தேடினோம். முன் தடியின் வலப்பக்கத்தில் ஒரு தோள் தெரிந்தது. அது இளந்தாரியின் தோள். தம்பியுடையது அல்ல.

நேரலை முடிந்ததும் ஊருக்குப் போன் எடுத்தேன். தம்பி மனைவிதான் எடுத்தாள்.

"களைச்சுப் போய்ப் படுத்திட்டார், அத்தான். பேந்து கதைப்பார்."

"கோவிலுக்கு வந்தவனோ?"

"ஓம் ஓம். பேந்து கதைப்பார்."

அவள் குரலில் அழுகை இருந்ததா, சனத்தின் சத்தமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. தம்பி உயிரோடு இருக்கிறானா என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டேன். மெழுகுதிரி முழுவதும் எரிந்து முடியும் வரைக்கும் எழும்பாமல் இருந்தேன்.

மாலையில் கீழ் வீட்டுக்காரர் சொன்னபடியே வந்தார். வேலை முடிந்து மகளும் வந்திருந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், ஆளைப் பார்த்தவுடனே உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். டெனிஷில் என்னிடம் கேட்டாள், இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறீர்களா என்று. மனைவி போகச் சொன்னாள். ஆனால் தான் வரமாட்டேன் என்றாள்.

"சூனியக்காரியை எரிக்கிற இடத்தில எனக்கென்ன வேலை. நீங்கள் போட்டு வாங்கோ. சேட்டுப் பொத்தானைப் பூட்டுங்கோ, காத்துப் பிடிச்சிடும்."

கழுத்து வரைக்கும் பூட்டிவிட்டாள். நெஞ்சில் இருந்த வெட்டுத் தழும்பு வெளியே தெரியவில்லை.

குடாக்கரையில் நல்ல சனம். சிறு பிள்ளைகள் தடியில் மாவைச் சுற்றித் தணலில் வாட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த நாட்டில் ஜூன் மாதம் இராச் சாப்பாட்டு நேரம் கழிந்தும் பகல்போல வெளிச்சம். நெருப்பு மூட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு இளம்பெண் மைக்கோடு ஆள் ஆளாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிழவியிடம் அவளுடைய நாயைப் பற்றிக் கேட்டாள். அந்த நாயையும் கமரா காட்டியது. நான் பின்னுக்கு நின்றேன்.

கீழ் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் காதில் எதையோ சொன்னதைக் கண்டேன். அவள் நேரே என்னிடம் வந்தாள். உங்கள் ஊரிலும் இன்றைக்கு சங்ட் ஹான்ஸாமே, அங்கே எப்படி என்று கேட்டாள்.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. என் டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். தெரிந்த சொற்களில் சொன்னேன். எங்கள் ஊரில் ஹான்ஸ் நடந்து வருவார். அவருக்குக் கால் இல்லை, எங்கள் ஆட்களின் தோள்தான் கால். என் தம்பியின் தோளும் ஒன்று. அவன் இப்போது பெரிய வருத்தமாய் இருக்கிறான். இன்றைக்கு மத்தியானம் முழுக்கத் தொலைக்காட்சியில் அவனைத் தேடினேன். காணவில்லை.

அதற்கு மேல் டெனிஷ் வரவில்லை. அந்தப் பெண் மைக்கை எடுக்கவும் இல்லை, வேறு கேள்வி கேட்கவும் இல்லை. பொறுமையாக நின்றாள். கமரா என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் அதைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டேன்.

"தம்பி, நான் வராமல் இருக்கேல்லை. வர ஏலாமல் கிடக்கு. நீ வேற மாதிரி நினைக்காத, அப்பு."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மகள் அழுதுகொண்டு நின்றாள்.

அன்றைய செய்தியிலேயே அதைப் போட்டார்கள். தமிழில் சொன்னதையும் வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். மகள் அதை எடுத்துத் தம்பியின் மகனுக்கு அனுப்பிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன்.

மறுநாள், திருநாள் அன்று காலை, நான் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தேன். போன் அடித்தது. தம்பி. குரல் மெல்லியதாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

"அண்ணை, உங்களை ரீவீயில கண்டனான். வெள்ளைக்காரர் நல்லாத்தான் படம் பிடிக்கிறாங்கள். மூக்குமயிர்கூடத் தெரியுது."

"போடா."

"ஏன் அந்த வெக்கைக்குள்ள சேட்டைக் கழுத்து வரைக்கும் பூட்டினனீங்கள்?"

என் கை தானாகச் சேட்டுப் பொத்தானுக்குப் போனது.

"நெஞ்சில என்ன, அண்ணை?"

தொலைக்காட்சியில் இரண்டு வார்த்தை பேசிய என்னைப் பார்த்து அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"லீவு இல்லை எண்டீங்கள்."

"உனக்கு யோசனை வரும் எண்டு சொல்லேல்லை."

"என்ர போன் கமராவும் பழுதில்லை, அண்ணை." பிறகு சொன்னான், "ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தான். மறைக்கிற வருத்தம்."

இருவரும் சிரித்தோம். அவனுக்குச் சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து அவன்தான் பேசினான்.

"நான் நேற்றுத் தூக்கேல்லை. மகன்தான் என்ர இடத்தில நிண்டவன். என்னைக் கதிரையோட கொண்டுபோய் மணிக்கூண்டடியில இருத்திவிட்டவங்கள். கூடு வந்து நிக்கேக்க கமராக்காரர் எனக்கு முன்னாலதான் நிண்டவர். நீங்கள் பார்ப்பீங்கள் எண்டு கையைத் தூக்கிக் காட்டினனான். கண்டனீங்களோ?"

முகத்தை எனக்குக் காட்டமாட்டேன் என்று இருந்தவன். திருநாள் என்றபடியால், அருளப்பருக்கு முன்னால், ஒரே ஒருமுறை மனம் இளகிக் கையைத் தூக்கியிருக்கிறான். அதையும் நான் காணவில்லை.

"ஓம் தம்பி, கண்டனான்," என்றேன்.

"எப்பிடி இருந்தனான்?"

"அப்பிடியேதான் இருக்கிறாய்."

பிறகு மெல்லச் சொன்னான்.

"அண்ணை, உங்களுக்கு இன்னும் பொய் சொல்ல வராது. போங்கோ, பூசைக்கு நேரமாச்சு. எனக்காகவும் ஒரு திரி கொளுத்துங்கோ."

அதுதான் அவன் என்னோடு கதைத்த கடைசிக் கதை; பிறகு அவனுக்குக் கதைக்க ஏலாமல் போய்விட்டது. ஆகஸ்ட் மாதம் மடு மாதா திருநாள் முடிந்த கிழமை அவன் மோட்சத்துக்குப் போனான். நித்திரையிலேயே போய்விட்டான் என்றார்கள்.

நல்லடக்கத்தையும் நேரலையில் காட்டினார்கள். அதே கமராக்காரர், அதே கோவில். உறவுகள் எல்லோரும் வெளிநாடுகளில் இருக்கும்போது வேறு என்ன செய்வது. எங்கள் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. டோஸ்ட்ருப்பில் இருந்தும் விபோர்க்கில் இருந்தும் சொந்தங்கள் வந்திருந்தார்கள். பூசை முடிந்தது. கமராக்காரர் மெல்ல மெல்லப் பெட்டிக்குக் கிட்டப் போனார். இத்தனை வருடமாக ஒருநாளும் என் தம்பியிடம் வராத கமரா அன்றைக்கு அவனுடைய முகத்துக்கு நேரே வந்தது.

நான் கதிரையைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"என்னப்பா செய்யிறியள்," என்று மனைவி தோளைப் பிடித்தாள். "கடைசி முகமப்பா. பாருங்கோவன்."

எங்கள் ஆட்களுக்குக் கடைசியாக முகம் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அண்ணை என்னை இப்படிப் பார்க்கக்கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். உயிரோடு இருந்தபோது அதை நான் மதித்தேன். இப்போது தடுக்க அவனுக்கு வாய் இல்லை என்பதற்காகப் பார்ப்பதா? சுவரில் மாதாவின் படம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அருள்நிறைந்த மரியே சொன்னேன். பின்னால் எல்லோரும் அழுதார்கள். பெட்டியை மூடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

சொந்தக்காரர்கள் சிலர் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். ஆனால் எனக்குள்ளேயும் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. கண்டனீங்களோ என்று கேட்டவனுக்குக் கண்டேன் என்று சொல்லிவிட்டேன். காணாமலே அவனை அனுப்பிவிட்டேன். திருநாள் ஒளிப்பதிவை மகளோடு சேர்ந்து எத்தனையோ தரம் போட்டுப் பார்த்தேன். மணிக்கூண்டடியில் நின்ற முகங்கள் எல்லாவற்றையும் தேடினோம். கதிரையில் இருக்கிறவன் எங்கே தெரிவான்? அவனுடைய உயரத்துக்கு அந்தப் பச்சைப் பட்டிதான் ஓடுகிறது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்திருந்தோம். கீழ் வீட்டுக்காரர் ஒரு பூங்கொத்தோடு ஏறி வந்தார். பூக்களை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, அன்று பாதியிலே எழுந்து போய்விட்டேன், மிச்சத்தைக் காட்டுகிறாயா என்று கேட்டார். எனக்கு மனம் இல்லை. மகள்தான் போட்டாள்.

கூடு மணிக்கூண்டடிக்கு வந்தது. முதல் தரம் உயர்த்தித் தாழ்த்தினார்கள். இரண்டாம் தரம். நாங்கள் மூன்று பேரும் முகங்களைத் தேடிக் களைத்தவர்கள், சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று முன்னுக்குச் சாய்ந்தார்.

"அந்தக் கை ஆருடையது?"

"எந்தக் கை?"

மகள் பின்னால் ஓடவிட்டு நிறுத்தினாள். அவர் எழுந்துபோய்த் திரையைத் தொட்டுக் காட்டினார். மேலே அருளப்பர், கையை உயர்த்தி யாரையோ சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கீழே பச்சைப் பட்டி ஓடுகிறது. அந்தப் பட்டியின் மேல் விளிம்பில், எழுத்துகளுக்குப் பின்னால் இருந்து ஒரு கை எழும்பியிருக்கிறது. வலது கை. எலும்பும் தோலுமான கை. ஆட்காட்டி விரல் பாதி இல்லை.

அந்த இடத்தில் பட்டியில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் பெயர்கள்தான்.

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி சிலுவை அடையாளம் போட்டாள். தமிழ் வாசிக்கத் தெரிந்த நாங்கள் எல்லோரும், அந்தப் பட்டி ஓடும்போதெல்லாம் எங்களை அறியாமலே அதை வாசித்திருக்கிறோம். ஒரு எழுத்தும் தெரியாத அந்த மனிதருக்குக் கைதான் தெரிந்திருக்கிறது. "இவர் ஆருக்கோ கை காட்டுறார்," என்று அவர் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் எனக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் திருநாளுக்கு முன்பு ஊருக்குப் போன் எடுத்து, உதவி எப்போதும் போல வரும், எங்கள் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று சொன்னேன். குழுவில் இருந்தவருக்கு விளங்கவில்லை. "ஏன் அண்ணை, ஏதும் மனத்தாங்கலோ?" என்று கேட்டார். மனத்தாங்கல் இல்லை, அந்த இடத்தில் ஆட்களைக் காட்டுங்கோ என்றேன். பார்ப்போம் என்றார். பட்டி இன்னும் ஓடுகிறது. எங்கள் பெயர் மட்டும் அதில் இல்லை.

சங்ட் ஹான்ஸ் நெருப்புக்கு இப்போது நானும் போகிறேன். போன வருடம் மனைவியும் வந்தாள், சூனியக்காரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும். மத்தியானம் எங்கள் கூடு, மாலையில் அவர்களுடைய நெருப்பு. ஒன்றில் அர்ச்சிஷ்டவரை மட்டும் பார்க்கிறார்கள், மற்றதில் சனத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்று முன்பெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்த வாய் இப்போது அடங்கிவிட்டது. என் தம்பி என் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது, நான் கும்பிடப் போகாத அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தானே.

நேரலையில் கூடு வரும்போது இன்றைக்கும் எழுந்து நின்று அருளப்பரைக் கும்பிடுகிறேன். ஆனால் கும்பிட்டு முடிந்ததும் என் கண் தானாகக் கீழே இறங்கி, பெயர்கள் ஓடும் அந்தப் பட்டிக்கு மேலே ஒரு விரல் நுனியாவது எழும்புகிறதா என்று பார்க்கிறது. எங்கள் பெயர்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் கதிரையில் இருந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுகிறார் என்பதை அன்றில் இருந்து நான் மறக்கவே இல்லை.